ராணி வேஷம்

ராணி வேஷம் இனி தருணுக்கு என்று பூவராகவன் சார் சொன்னபோது, பிரீத்தி மேடையில் ராணியாகத்தான் நின்றுகொண்டிருந்தாள்.

நானூறு வருஷத்துக்கு முன்னால் லண்டனில் ஆடிய சோக நாடகம். திருப்பதியில் அவர்கள் கல்லூரி ஆங்கிலத் துறை அதைப் போட்டிக்காகப் போடுகிறது. கட்டிய கணவனே சபையில் பழி சுமத்த, ராணி எழுந்து பதில் சொல்லும் காட்சி. சொந்த ஊரான நகரிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் முணுமுணுத்தே அந்த வசனத்தை அவள் மனப்பாடம் செய்திருந்தாள்.

சார் காரணம் சொன்னார். அந்த நாளில் அங்கே பெண்கள் மேடை ஏறியதில்லை. பையன்கள்தான் பெண் வேஷம் கட்டினார்கள். அந்த நாடகக் கவிஞர்கள் பையன்களின் குரலை நினைத்துத்தான் ராணிக்கே வசனம் எழுதினார்கள். நாமும் அப்படியே போட்டால் நடுவர்களுக்குப் பிடிக்கும்.

சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தருணுக்குத் தாடியே இருந்தது.

"அந்தக் காலத்துல பொண்ணுங்க காலேஜுக்கும் வர்ல சார். அப்ப நானு படிப்பையும் நிறுத்திட்டு வூட்டுக்குப் போயிடட்டுமா?"

யாரும் சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

பஸ் நிற்கும் இடம் வரை அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தன் நிறம்தான் காரணம் என்று நினைத்தாள். இல்லை, தன் நகரி இங்கிலீஷ் என்று நினைத்தாள். செத்துப்போன கவிஞர்களைச் சாட்சிக்கு இழுக்காமல் அதை நேராகச் சொல்லியிருக்கலாமே.

நைனாவுக்குப் போன் செய்தாள். அவள் அப்பா நாகபூஷணம் நகரியில் தறி ஓட்டுகிறவர். பத்தாவதில் ஒரு வாத்தியார் அவளை அடித்தபோது, வேலையைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கே வந்து நியாயம் கேட்டவர். இப்போதும் அடுத்த பஸ்ஸில் கிளம்பி வருவார்.

நாடகத்திலிருந்து தன்னை எடுத்துவிட்டார்கள் என்று மட்டும்தான் சொன்னாள்.

"போனாப் போவுது வுடும்மா. அந்தத் தருண் பையன் நல்லாப் பண்ணுவான்னு சார்கூட சொன்னாரு."

தருணின் பெயரை அவள் வீட்டில் சொன்னதே இல்லை.

எப்போது கல்லூரிக்கு வந்தாய் என்று கேட்டாள். மறுபக்கம் அவர் தறியை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு நைனா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். திருத்தணியிலிருந்து பெண் கேட்டவர்கள் ஒத்திகை வீடியோவை யாரோ வைத்த வாட்ஸப் ஸ்டேட்டஸில் பார்த்துவிட்டார்கள். மேடையில் நின்று ஓர் ஆம்பளையைப் பார்த்துக் கத்துகிற பெண் எங்களுக்கு வேண்டாம் என்றார்களாம். அவர்தான் சாரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், என் பெயரை மட்டும் சொல்லாதீர்கள் என்று.

நகரி பஸ் வந்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

பிரீத்தி ஏறவில்லை. போனை அணைத்துவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தாள்.

ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ராணியின் கவுனில் வியர்த்து நின்ற தருண், அவளைக் கண்டதும் பாதி வசனத்தில் நிறுத்தினான்.

அவள் நேராக சாரின் முன்னால் போய் நின்றாள்.

"இன்னொரு வாட்டி எங்க நைனா வந்தா என்னையும் கூப்புடுங்க சார். என்னைப் பத்திப் பேசும்போது நானும் இருக்கணும்."

பூவராகவன் சார் தருணைத் திரும்பிப் பார்த்தார்.

அவன் கவுனின் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான்.