துணைக்கு வந்தவர்

மாலை மணி ஆறு. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் அறையைத் தேடி, பல் டாக்டரும் அவருடைய மைத்துனனும் தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தார்கள்.

"என் தம்பி தனியாப் போக வெட்கப்படறான், நீங்க துணைக்குப் போங்க. மனசு நோகற மாதிரி எதுவும் கேட்டுடாதீங்க. குடியை விடலேன்னா அவன் சம்சாரம் பெட்டியைக் கட்டிடுவா" என்று மனைவி சொல்லியிருந்தாள். டாக்டரும் குடிப்பவர்தான். ஆனால் அளவு தெரிந்தவர்.

மதுக்கடையைக் கடந்தபோது மைத்துனன் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். ஆசை அவனை இழுக்கிறது என்று டாக்டருக்குப் பாவமாக இருந்தது.

"குடும்பம்தான் முக்கியம் மாப்ள."

"நான் சொல்லலாம்னு இருந்தேன் மாமா, நீங்களே சொல்லிட்டீங்க."

பையன் திருந்திவிடுவான் என்று டாக்டருக்கு நம்பிக்கை வந்தது.

ஒருவழியாக நூலகத்தின் மாடியில் அந்த அறை கிடைத்தது. ஒரு பெரியவர் கதவைத் திறந்தார்.

"துணைக்கு வந்தவங்க இந்த பெஞ்சுல இருங்க. குடியை விடணும்கறவங்க உள்ள வாங்க."

டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். மைத்துனனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உள்ள போ மாப்ள."

"நீங்க போங்க மாமா."

பெரியவர் கதவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"மாமா, அக்கா உங்ககிட்ட என்ன சொல்லி அனுப்பினா?"