நாற்பதாவது குறி

எங்கள் ஆளுநர் மோர்ட்டன் குமாஸ்தாவாக இருந்து உயர்ந்தவர். பிரபுக்களுக்கு அது பொறுக்கவில்லை. மன்னரிடம் கோள் மூட்டினார்கள். நாற்பது பண்ணைகளும் ஒரே காகிதத்தில் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் வீட்டுக் குறியைப் போட்டுக் கொடுத்தால்தான் மோர்ட்டன் பதவியில் நீடிக்கலாம் என்று மன்னரின் தலைநகரான கோபன்ஹேகனிலிருந்து உத்தரவு வந்தது.

எங்கள் பள்ளத்தாக்கில் இருந்ததோ முப்பத்தொன்பது பண்ணைகள். நாற்பதாவதான ஹெக்னேயைப் பதினெட்டு வருஷத்துக்கு முன்பே பனிச்சரிவு மூடிவிட்டது. அன்று மூன்று நாள் தோண்டித் தோண்டி இரண்டு விரல்களைக் குளிருக்குக் கொடுத்தவர் மோர்ட்டன். ஒருவரும் பிழைக்கவில்லை.

“உங்க ஐயாவை மூட்டையைக் கட்டச் சொல்லுய்யா,” என்று பிரபுக்களின் ஆள் ஒருவன் என்னைச் சீண்டினான். ஐயாவின் எழுத்தனான நான் காகிதத்தை எழுதி முதல் வீட்டுக்கு அனுப்பினேன்.

வழக்கப்படி காகிதம் வீடு வீடாகக் கைமாறி, ஜூலை மாதம் ஒரு மத்தியானம் சபைக்குத் திரும்பியது. எல்லார் முன்னாலும் எண்ணினேன். நாற்பது.

கடைசியில் மீன்முள் மாதிரி மூன்று கோடு. ஹெக்னே வீட்டுக் குறி.

“யாருடா இதப் போட்டது?” என்று கத்தினான் பிரபுக்களின் ஆள்.

“எங்க வீட்லதான் கடைசியா இருந்துச்சு. நேரா இங்கதான் கொண்டாந்தேன்,” என்றார் முப்பத்தொன்பதாவது வீட்டுக்காரர்.

ஐயா மூன்று விரல்களால் குறியைத் தடவினார். “அவங்கதான்,” என்றார்.

ஜனங்கள் தொப்பிகளை வானத்தில் வீசி ஆர்ப்பரித்தார்கள். காகிதத்தில் அந்தக் குறி இருந்த மூலையில் ஒட்டியிருந்த பனி, அத்தனை வெயிலிலும் உருகவே இல்லை.