பாத்திரம் யார் தலையில்

அண்ணன் மூன்றாவது முறையாகப் பனியைப் பற்றிப் பேசினான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருடக் கடைசி விடுமுறைக்குக் குடும்பமே கூடி உட்கார்ந்து சாப்பிடும் நாள். வாய் கிழிய அரசியல் பேசுகிறவன், துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி மென்றுகொண்டிருந்தான்.

போன வருடம் இதே மேஜையில், தேர்தலை வைத்து அப்பாவுக்கும் அவனுக்கும் கைகலப்பு மட்டும்தான் பாக்கி. மறுநாள் காலை அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்து, பேச்சும் போயிற்று.

சண்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் அடித்துச் சொல்லியும் அண்ணன் நம்பவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் அப்பா ஏதோ குழறுவார். எங்களிடம் அதுவும் இல்லை. மானஸ்தர்.

எங்கள் வீட்டில் அம்மா போட்ட சட்டம் ஒன்று உண்டு. சாப்பாட்டு மேஜையில் யார் கட்சிப் பேச்சு எடுத்தாலும் அன்றைக்குப் பாத்திரம் அவர் தலையில். பாவம், அவள் மட்டும் என்ன செய்வாள்? ஓட்டுப் போடப் போகும்போது அப்பா ஒரு காதில் ஓதுவார், அண்ணன் இன்னொரு காதில் ஓதுவான். அவள் இரண்டு பேருக்கும் தலையாட்டுவாள்.

அப்பா இதுவரை ஒரு தட்டுகூடக் கழுவியதில்லை. அண்ணனைக் கிளறிவிட்டு, அவன் வாயால் கட்சிப் பேச்சை வரவழைப்பதில் கில்லாடி.

"இந்த வருஷம் பனி கொஞ்சம்..." அண்ணன் மறுபடி ஆரம்பித்தான்.

அப்பா இடது கையால் மேஜையைத் தட்டினார். வாய் கோணியது, நெற்றி நரம்பு புடைத்தது.

"உங்... ஆளு... தோத்... தான்ல?"

சொல்லிவிட்டுப் பாதி முகத்தால் சிரித்தார். கைத்தடியை எடுத்துக்கொண்டு, பாத்திரம் கழுவும் இடத்துக்குத் தானே நடந்தார். சட்டம் சட்டம்தானே.

அண்ணன் அழுதான். ஏழு கழுதை வயசாகிறது, குலுங்கிக் குலுங்கி அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அடுத்த தடவை எங்க ஆளுதாம்பா" என்று வேண்டுமென்றே சொல்லிவிட்டு, அப்பாவின் பக்கத்தில் போய் நின்றான்.

அப்பா தட்டைப் பிடிக்க, அவன் தேய்த்தான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"தள்ளுங்க, நானும் கழுவணும். உங்க ரெண்டு பேர் ஆளுக்கும் நான் இதுவரைக்கும் ஓட்டே போட்டதில்ல."

"என்னது?"

இரண்டு குரல்களும் ஒன்றாகக் கேட்டன. அப்பாவுடையது துளியும் குழறவில்லை.