அக்கரைக்குப் போன குதிரை

"குதிரை சாகாது!" என்று அம்சா சாம்பார்க் கரண்டியை நங்கென்று வைத்தாள்.

காசிநாதன் சிரித்துவிட்டான். தலைப் பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்கு வந்த இடத்தில், ஒரு பழைய குழந்தைகள் படத்துக்காகப் பெண்டாட்டியிடம் திட்டு வாங்குவோம் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

"செத்துடும் அம்சா. சின்ன வயசுல வேலூர்ல பாத்தேன். அந்தப் பொண்ணைக் கரை சேத்துட்டு, குதிரை வெள்ளத்துல போயிடும். அன்னிக்கு பூரா அழுதுக்கினு இருந்தேன்."

அப்பா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்சா சீறினாள். "வேற ஏதோ படத்தைப் பாத்துட்டு உளறாதீங்க!"

மாமனார் முனிரத்தினத்தின் கை சோற்றிலேயே நின்றிருந்தது. ஓரிக்கை டென்ட் கொட்டகையில் அவர்தான் ஆபரேட்டர். அந்தப் படம் இன்று மறுபடியும் அங்கே வருகிறது. பேச்சு கிளம்பியதே அதனால்தான்.

"நீங்களே சொல்லுங்க மாமா. எத்தினி வாட்டி ஓட்டியிருப்பீங்க?"

"வந்து பாருங்க மாப்ள," என்றார் அவர், தலை நிமிராமல்.

பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாளைக் கேட்டால் அவளும் அடித்துச் சொன்னாள். "குதிரை ஏன்பா சாவுது? எங்க வூட்டுப் பசங்க எல்லாம் பாத்துதுங்களே. ஜம்முனு ஆத்துல எறங்கிப் போவுமே!"

அந்தப் பிள்ளையார்பாளையம் தெருவே அம்சா கட்சி. காசிநாதனுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

சாயங்காலம் இருவரும் கொட்டகை மணலில் உட்கார்ந்தார்கள். பாலாற்றுப் பனி மெல்ல உள்ளே நுழைந்து புரொஜெக்டர் வெளிச்சத்தில் மிதந்தது. திரையில் தாயில்லாத ஒரு சிறுமி வெள்ளைக் குதிரையின் காதில் ரகசியம் பேசினாள். அது தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டது. காசிநாதனுக்குத் திரும்பவும் எட்டு வயதாகிவிட்டது. எது படம், எது பனி என்றே தெரியவில்லை. செத்துவிடாதே, செத்துவிடாதே என்று மனசு கெஞ்சியது.

சிறுமியைச் சுமந்துகொண்டு குதிரை ஆற்றில் இறங்கியது. நிலா வெளிச்சத்தில் தண்ணீர் சரிகையாக மின்னியது. அக்கரையில் ஒரே ஒரு விளக்கு. குதிரை நீந்தியது... நீந்திக்கொண்டே இருந்தது...

படம் முடிந்தது என்று திரையில் 'வணக்கம்' ஸ்லைடு விழுந்தது. குழந்தைகள் கைதட்டிக்கொண்டு எழுந்தன.

"பாத்தீங்களா?" என்றாள் அம்சா.

காசிநாதனுக்கு நம்ப முடியவில்லை. "இரு, மாமாவைப் பாத்துட்டு வரேன்," என்று ஆபரேட்டர் அறைக்கு ஓடினான். அவனைக் கண்டதும் முனிரத்தினம் ஒரு ரீல் டப்பாவை அவசரமாகத் துண்டால் மூடினார்.

"மாமா... இன்னொரு ரீல் இருக்குதே!"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"மொத வாட்டி இந்தப் படம் வந்தப்ப அம்சாவுக்கு ஏழு வயசு மாப்ள. அவங்கம்மா போயி ஒரு மாசம்கூட ஆவல. 'குதிரையும் செத்துடுமாப்பா'ன்னு கேட்டா. கடைசி ரீலை மாட்ட எனக்கு மனசு வரல. அன்னியிலேருந்து இந்தக் கொட்டகையில அதை நான் ஓட்டினதே இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புள்ள இன்னிக்கும் நம்பிக்கினு இருக்குது. சொல்லிடாதீங்க."

காசிநாதன் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

வெளியே வந்ததும், மாமனார் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னான். "நீ சொன்னதுதான் சரி அம்சா. குதிரை சாகல. நான்தான் வேற எதையோ பாத்துட்டு உளறிட்டேன்."

பனிக்குள் கொஞ்ச தூரம் நடந்த பிறகு, கொட்டகையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அம்சா அவன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"செத்துடும்ங்க. பத்து வயசுல மெட்ராஸ் அத்தை வூட்டுக்குப் போனப்பவே முழுப் படமும் பாத்துட்டேன்," என்றாள். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."