இடது கன்னம்

டெஸ்ட் கிரிக்கெட்டைத் தீர்மானிப்பது மூளை ஒன்றுதான் என்று உத்திரமேரூர் பஸ் நிலையத்துச் சலூனில் தமிழரசன் அறிவித்தான். மாலை ஆறு மணிக்குத் திருப்புலிவனத்தில் அவனுக்கு நிச்சயதார்த்தம். ஷேவிங்குக்குக் காத்திருந்தான்.

நாற்காலியில் இருந்த வேதகிரி எழுவதாக இல்லை. ஒரு கன்னம் வழித்தாகிவிட்டது; மறு கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. டிவியில் லண்டன் டெஸ்ட்டின் கடைசி நாள். எட்டு விக்கெட் போன பிறகும் டிரா செய்ய இந்தியா கட்டை போட்டுக்கொண்டிருந்தது.

"மீதியையும் எடுத்துக்கினு எழுந்திருண்ணா," என்றான் தமிழரசன்.

"பாதியில நிறுத்துனதுலேர்ந்து விக்கெட்டே வுழல நைனா. கத்தி பட்டா வுழுந்துடும்."

"லண்டன்ல பந்து போடுறவனுக்கு உன் தாடி தெரிதா? ஸ்லிப்புல ஆளக் கொறச்சிட்டான், அதான் நிக்கறானுங்க. படிச்சவன் கேட்டா சிரிப்பான்ணா."

படிக்காத சலூன்காரரே சிரித்தார். வேதகிரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எடுத்துடுப்பா," என்றார்.

கத்தி கன்னத்தில் பட்டது. டிவியில் ஸ்டம்ப் பறந்தது.

வேதகிரி காசை வைத்துவிட்டு, தமிழரசனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

"அது பௌலரோட தெறமை," என்றபடி தமிழரசன் நாற்காலியில் அமர்ந்தான். கடைசி ஜோடி களமிறங்கியது.

அவனது இடது கன்னம் முடிந்தபோது அந்த ஜோடி இன்னும் நின்றுகொண்டிருந்தது. சலூன்காரர் கத்தியை வலப்பக்கம் கொண்டுபோனார். தமிழரசன் அவர் கையை மெல்லப் பிடித்தான்.

"போதும்ணா. நிச்சயத்துக்கு நேரமாவுது."

சற்று நேரத்தில் லண்டனில் மழை கொட்டி மேட்ச் டிரா ஆனது. நிச்சயதார்த்தப் படங்கள் அத்தனையிலும் மாப்பிள்ளை இடது கன்னத்தை மட்டுமே காட்டிக்கொண்டு நிற்கிறார்.