கொட்ட வேண்டிய குடுவை

ஆய்வாளர் அமலோற்பவம் எதையும் இருமுறை எண்ணிய பின்னரே குறிப்பேட்டில் எழுதுபவர். அவர் வளர்த்த கடல் நுண்ணுயிரிகளும் அத்தகையவையே. ஒவ்வொன்றும் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடும். அது நீரில் போதிய அளவு சேர்ந்து, தம்மினம் சுற்றிலும் திரண்டிருப்பதை உணர்த்திய பின்னரே அவை ஒருங்கே ஒளிரும்.

முந்தைய நாள் கூட்டத்தில், உறைபெட்டி பழுதாகி மாதிரிகள் அழிந்தமைக்கு உதவியாளர் இசக்கியம்மாள்மீது பழி சுமத்தி, அவரை வேலையினின்று நீக்கினார் இயக்குநர். பழுதை அவர் மூன்று முறை தெரிவித்திருந்ததை ஆய்வாளர் ஐவரும் அறிவர். அமலோற்பவம் மற்ற நால்வரின் முகங்களைப் பார்த்தார். எவரும் வாய் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை.

இன்று இருட்டறையில் இசக்கியம்மாள் தம் கடைசி நாள் வேலையாகக் குடுவைகளை அகற்றிக்கொண்டிருந்தார். ‘குறைபாடுடையது, கொட்டிவிடவும்’ என்று அமலோற்பவம் எழுதி ஒட்டிய குடுவையில், மிகச் சில உயிரிகளே இருந்தும், நீல ஒளி எரிந்தது.

“கூட்டம் சேருமுன்னயே எரியுதுன்னுதானா கொட்டச் சொல்லுதிய?” என்று அருகில் நின்ற அமலோற்பவத்திடம் கேட்டார் இசக்கியம்மாள்.

“ஆமா. அதுக்குக் கட்டுப்பாடு கெட்டுப்போச்சு.”

“நல்லா கெட்டுச்சு, போங்கம்மா,” என்று சிரித்தார் இசக்கியம்மாள்.

அமலோற்பவத்தால் அவர் முகத்தை நோக்க இயலவில்லை. குடுவையில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தெடுத்தார். மற்ற நால்வரையும் அழைக்காமல், உண்மையைச் சொல்ல இயக்குநரிடம் தனியே செல்வதென்று முடிவு செய்தார்.