பாடினவள்

டிவியில் என் குரல் கேட்டது.

ஏர்லீன் என் முடியில் பாதியைச் சூடான சீப்பால் நீவி முடித்திருந்தாள். மீதிப் பாதி புதர் மாதிரி நின்றது. மறுநாள் சர்ச்சில் நான் பாட வேண்டும். சனிக்கிழமை மதியமானால் சிகாகோவின் தென்பகுதியில் இருக்கும் கறுப்புப் பெண்களில் பாதிப் பேர் ஏர்லீன் கடையில்தான் இருப்பார்கள்.

"சத்தத்தைக் கூட்டுங்கடி. இப்ப எங்க போனாலும் இந்தப் பாட்டுதான்" என்றாள் ஏர்லீன்.

திரையில் ஒரு பெண். தங்கநிற உடை, இடுப்புவரை முடி, கொடி மாதிரி உடம்பு. அவள் வாயைத் திறந்தாள். வந்தது நான்.

முதலில் நம்பவில்லை. உலகத்தில் ஒரே மாதிரி ரெண்டு குரல் இருக்காதா என்ன?

கடையே கூடச் சேர்ந்து பாடியது. முடி காயவைக்க உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் தொடையில் தாளம் போட்டார்கள். பக்கத்து நாற்காலியில் தலையில் துண்டு சுற்றியிருந்த சின்னப் பெண் மட்டும் பாடவில்லை. ஊருக்குப் புதுசு போல.

பாட்டு முடிகிற இடத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

அது என் சிரிப்பு.

போன குளிர்காலத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய பாடகி வந்து பாடப் போகிறார், அவர் கற்றுக்கொள்ள ஒரு தடவை பாடிக் காட்டினால் போதும் என்றார்கள். கடைசி வரியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் புருஷன் ரூஃபஸ் தூங்கி விழுந்து நாற்காலியோடு சரிந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை வெட்டிவிடுகிறோம் என்றார்கள்.

வெட்டவில்லை.

"ஏர்லீன், அது நான்டி."

கடை முழுக்கச் சிரிப்பு.

"ஆமா லவோனியா, அந்த இடுப்பும் உன்னோடதுதான். எங்கடி வச்சுட்டு மறந்தே?" என்றாள் ஏர்லீன்.

நான் கனத்த உடம்புக்காரி. டிவியில் வந்தவளை மாதிரி ரெண்டு பேரை எனக்குள் அடைக்கலாம். வேறு யாராவது அது தன் குரல் என்று சொல்லியிருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன்.

கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து நின்றேன். பாட்டின் உச்ச வரியைப் பாடினேன். அந்த ஒரு வரிதான். கடைசியில் சிரிப்பு வரவில்லை.

யாரோ டிவியை அணைத்தார்கள். ஏர்லீன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலிப் பெண் மெல்ல எழுந்தாள். துண்டு நழுவி விழுந்தது. அடியில் ஒட்ட வெட்டிய முடி. பூச்சு எதுவும் இல்லாத, குழந்தை மாதிரி முகம்.

"அதுல வாயசைக்கிறது நான்தாம்மா" என்றாள். "பாடினவங்க செத்துப்போயிட்டாங்கன்னு சொன்னாங்க. குடும்பம் துக்கத்துல இருக்கு, யார் என்னன்னு கேக்காதேன்னாங்க. மேடை ஏறுறதுக்கு முன்னாடி தினமும் உங்களை நினைச்சுதான் ஜெபம் பண்றேன்."

என் மணிக்கட்டைத் தொட்டாள். சூடு இருக்கிறதா என்று பார்ப்பவள் போல, பிடித்த கையை விடவேயில்லை.